எழுபத்தைந்து ஜோடி

தேவாலா பஜாரில் பேக்கரிக்கு மேலே எங்கள் அலுவலகம்.
கீழே வர்க்கி வேக, மேலே நான்
அட்டைக்கடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்,
இன்னும் கடிக்காதவற்றை.

கேள்வி ஒன்றுதான்.
இந்த வாரம் அட்டை கடித்ததா?
ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் சுழி.
பாதிப் பேருக்குத் தைத்த காலுறை இப்போதே.
மீதிப் பேருக்கு எல்லாம் முடிந்த பிறகு;
அதுவரை வழக்கம்போல் புகையிலைத் தண்ணீர், உப்பு.
ஆனி பிறந்ததிலிருந்து பன்னிரண்டு வாரம்.

"நாற்பது பேர், பன்னிரண்டு வாரம்,
நானூற்று எண்பது பதில்! போதாதா?"
வர்கீஸ் சார் பெருக்கலில் கெட்டிக்காரர்.
பணமும் அவர் கையில்.
காலுறை ஜோடி நூற்று அறுபது ரூபாய்.

போதாது சார்.

போன வருஷத்து முன்னோட்டத் தாளை விரிக்கிறேன்.
பதினாலு பேர், ஆறு வாரம், ஓரங்களில் பூஞ்சை.
புஷ்பராணி: ஒன்று ஒன்று ஒன்று ஒன்று ஒன்று ஒன்று.
அவள் நிரை ஓடைக்கரையில்.
யோகமலருக்கு ஆறும் சுழி.
அவளுக்கு மேட்டுக்காடு,
வெயில் என்று ஒன்று வந்தால் முதலில் இறங்குமிடம்.
மூன்றாம் வாரமே பெரட்டுக் களத்தில்
கூடையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"அதையே எத்தன தரம் கேப்ப புள்ள?
போன வாரத்தப் பாத்து எழுதிக்க."

எனக்கு இரண்டு செமஸ்டர் பிடித்த பாடம் அது.

ஒரு வாயைப் பன்னிரண்டு முறை திறந்தால்
பன்னிரண்டு வாய் ஆகிவிடாது.
ஒருத்தியின் பதில்கள்
ஒன்றையொன்று எவ்வளவு காப்பியடிக்கின்றன
என்பதற்கு ஓர் எண் இருக்கிறது.
இந்தத் தாளில் அது சுழி புள்ளி நான்கு.
அதைச் சூத்திரத்தில் தூவியதும்
உப்புப்பட்ட அட்டைபோல
நானூற்று எண்பது சுருண்டு
எண்பத்தொன்பதாகக் கீழே விழுகிறது.

"அப்படியானால் வாரத்தைக் கூட்டுங்கள்.
ஆளைக் கூட்டினால்தானே செலவு?
இருபத்துநாலு வாரம் கேளுங்கள்."
கேட்கலாம் சார். தொண்ணூற்று நான்காகும்.
"எவ்வளவு?"
ஐந்து கூடும்.
இன்னொரு பன்னிரண்டு வாரம் மலையேறி
ஐந்து.
அதற்குள் மண் காய்ந்து
அட்டையும் உள்ளே போயிருக்கும்.

அவர் சுவரின் ஈரத்தைப் பார்க்கிறார்.
கேரளா எல்லைப்பக்கம் மேகம் திரள்வதை
ஜன்னல் காட்டுகிறது.

ஆள்தான் வேண்டும் சார். அறுபது பேர்.
மழையில் கழன்றுபோகிறவர்களுக்காக
இன்னும் பதினைந்து.

ஒன்றை அவரிடம் சொல்லவில்லை.
அந்தப் புள்ளி நான்கு
பதினாலு பெண்களும் ஆறு வாரமும் கொடுத்த ஊகம்.
உண்மையில் அது புள்ளி ஆறாக இருந்தால்
என் அறுபது பேரும் கொஞ்சம் குறைவாகப் பேசுவார்கள்.
ராத்திரி படுத்தால் அந்த எண்
கணுக்காலில் ஊருகிறது.

இன்னொன்றைச் சொன்னேன்.
தாளில் தெய்வானையின் நாலாவது கட்டம் காலி.
ஒன்றும் இல்லை, சுழியும் இல்லை.
வரவில்லை என்று விட்டுவிட்டிருந்தோம்.
லயத்துக்குப் போய் விசாரித்தபோதுதான் தெரிந்தது:
கடித்த இடம் சீழ் கோத்து
செருப்புக்குள் கால் நுழையவில்லை,
பெரட்டுக்கு வரவில்லை,
நான்கு நாள் கூலி இல்லை.
காலிக் கட்டம்தான் சார்
தாளிலேயே சத்தமான ஆம்.
பதினைந்து பேரைக் கூடுதலாகச் சேர்த்தால்
எண்ணிக்கை நிரம்பும்.
இதை நிரப்ப யாராவது
வீட்டுக்கே நடந்துபோய்க் கேட்க வேண்டும்.

"யார் போவது?"
நான் பேசவில்லை.
எழுபத்தைந்து ஜோடி, பன்னிரண்டாயிரம் ரூபாய்.
கண்ணாடியைத் துடைத்து, மறுபடி துடைத்து
கையெழுத்துப் போட்டார்.

படி இறங்கும்போது கரண்ட் போனது.
பேக்கரி வாசலில், மெழுகுவத்தி வெளிச்சத்தில்
சாக்ஸை மடித்துப் பார்த்தேன்.
காலையில் தோட்டத்தில் ஏறியிருக்க வேண்டும்.
வயிறு நிறைந்து தானாக விழத் தயாராக இருந்தது.

ஒன்று.
நான் பட்டியலில் இல்லை.